நாட்டுக் கனகாம்பரமா, டெல்லி கனகாம்பரமா?

கனகாம்பரம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட குறுஞ்செடி. மணம் இல்லாவிட்டாலும், வாடாமல் தாங்கும் தன்மையால் மல்லிகையோடு சேர்த்துக் கட்டும் சரங்களில் இதற்கு நிலையான இடம் உண்டு. நடவிருப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது, நாட்டு ஆரஞ்சு வகையா, டெல்லி வகையா என்பதில்தான்.

இனப்பெருக்கம்: நாட்டு வகையை விதையிலிருந்து வளர்க்கலாம். காய்ந்த கதிரில் நீர் பட்டதும் காய்கள் 'பட்'டென்று வெடித்து விதைகளைத் தூர எறிவதால், மழைக்கு முன்பே கதிர்களைப் பறித்துவிட வேண்டும். டெல்லி வகையோ மும்மடியச் செடி (செல்களில் குரோமோசோம் தொகுதிகள் வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று உள்ளது), அதனால் விதை பிடிக்காது. வேர் பிடித்த தண்டுத் துண்டுகளையே நட வேண்டும்.

செலவு: நாட்டு வகைக்கு விதை கையிலேயே கிடைக்கும். டெல்லிக்கு நாற்றுகளை வாங்க வேண்டும், அல்லது தாய்ச்செடிகளைப் பேண வேண்டும்.

விளைச்சல்: ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் நாட்டு வகை சுமார் 2,000 கிலோ, டெல்லி சுமார் 2,800 கிலோ தரும்.

சீர்மை: விதைச்செடிகள் ஒன்றுக்கொன்று சற்று மாறுபடும், டெல்லிச் செடிகள் தாய்ச்செடியை அப்படியே ஒத்திருக்கும்.

தண்ணீர் தேங்கினால் வாடல் நோய் இரண்டு வகைகளையும் விடுவதில்லை. ஆகவே வடிகால் இல்லாத நிலத்தில் எந்த வகையைத் தேர்வது என்ற கேள்விக்கே இடமில்லை.

சந்தைக்குப் பூ அனுப்புவோர், கூடுதல் நாற்றுச் செலவை ஏற்றாவது டெல்லியை நடுவதே தகும். வீட்டு முற்றத்தில் தலைக்கும் பூஜைக்கும் நாலு முழம் போதுமென்போருக்கு நாட்டு வகையே ஏற்றது.