போடோவில் இரண்டு கோல் முன்னிலை: காத்து ஆடுவதா, ஏறி ஆடுவதா?

(இது 2025 மே தொடக்கத்தில், ஆட்டத்துக்கு முன் எழுதியது.) 2025 மே 8-ஆம் திகதி இரவு, நோர்வேயில் ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே உள்ள போடோ நகரில், ஐரோப்பிய கால்பந்துக் கழகங்களுக்கான ஐரோப்பா லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் லண்டன் அணியான டொட்டன்ஹாம் இறங்க இருக்கிறது. லண்டனில் நடந்த முதல் ஆட்டத்தை 3–1 என்று வென்ற நாளிலிருந்து எங்களைப் போன்ற ஆதரவாளர்களிடையே நடக்கும் விவாதம் ஒன்றுதான்: கையில் இருக்கும் இரண்டு கோல்களைப் பின்னால் நின்று காப்பதா, அல்லது வழக்கம்போல மேலேறி நெருக்கி, இன்னொரு கோலையும் அடித்துக் கதையை முடித்துவிடுவதா. நான் முதல் வழியைச் சேர்ந்தவன். என் சொந்த அனுபவமும் இதில் கலந்திருப்பதால், என் பக்கத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்தே எழுதுகிறேன்.

எதிரணியின் பெயரை இந்தப் பருவத்தில்தான் முதன்முறையாகக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் ஊரின் அணி போடோ கிளிம்ட். நோர்வேயின் முதல்தர லீக்கை 2020-இல்தான் முதன்முறை வென்ற அந்த அணி, 2021, 2023, 2024 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. ஐரோப்பியப் போட்டியொன்றின் அரையிறுதிக்கு வந்த முதல் நோர்வே அணியும் அதுவே. 2021-இல் மொரின்யோ பயிற்றுவித்த இத்தாலிய அணியான ரோமா அங்கே 6–1 என்று நொறுங்கியது. இந்தப் பருவத்தில் ஒலிம்பியாக்கோஸ் 3–0 என்றும், லாட்சியோ 2–0 என்றும் அதே மைதானத்தில் தோற்றன. லண்டன் ஆட்டத்தில் தடை காரணமாக ஆடாத அணித்தலைவர் பாட்ரிக் பெர்க்கும் ஹோகோன் எவ்யெனும் இப்போது திரும்புகிறார்கள். ஆகவே சின்ன அணி என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுவது நல்லது.

ஏறி ஆட வேண்டும் என்பவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது. பயிற்சியாளர் பொஸ்டெகொக்லு இரண்டு பருவங்களாக இந்த அணிக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஆட்டத்தைத்தான். பழகிய ஆட்டத்தை ஓர் இரவுக்காக மாற்றினால் வீரர்கள் தடுமாறுவார்கள் என்கிறார்கள். நாம் ஒரு கோல் அடித்துவிட்டால் கிளிம்ட் சமன் செய்வதற்கே மூன்று கோல்கள் வேண்டும் என்ற கணக்கும் சரியானது. அவர்கள் காட்டும் மிக நல்ல சான்று 2022 ஏப்ரலில் நடந்த ஆட்டம்: போடோவில் இடைவேளையின்போது 1–0 என்று முன்னிலையில் இருந்த ரோமா, இரண்டாம் பாதியில் இரண்டு கோல்களை விட்டுத் தோற்றது. பின்வாங்கி நிற்கும் அணிக்கு என்ன நேரலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. அதை நான் மறுக்கவும் இல்லை.

ஆனால் இரு ஆட்டங்களின் மொத்தக் கோல்கள் சமமானால் வெளிமைதானக் கோலுக்குக் கூடுதல் மதிப்பளித்த விதி 2021–22 பருவத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டதை இந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை. பழைய விதி இருந்திருந்தால், லண்டனில் 83-ஆம் நிமிடத்தில் கிளிம்டின் சால்ட்னெஸ் அடித்த கோல் இன்று எங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். போடோவில் 2–0 என்றாலே நாங்கள் வெளியே. இப்போது 2–0 என்றால் மேலதிக நேரம்தான். அங்கே நாம் அடிக்கும் கோலின் விலை குறைந்துவிட்ட பிறகு, அதற்காக முதுகுப்புறத்தைத் திறந்துவைப்பதன் ஆபத்து மட்டும் குறையவில்லை.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது தரைதான். போடோவின் ஆஸ்ப்மிரா மைதானத்தில் விரித்திருப்பது செயற்கைப் புல். அதை வெறும் சாக்காகப் பேசுகிறவர்கள், அந்தத் தரையில் ஒரு முழு ஆட்டம் ஆடிப் பார்த்திருக்க மாட்டார்கள். வடமேற்கு லண்டனில் பல ஆண்டுகளாக ஞாயிறு காலைகளில் அதில் ஆடி வருகிறேன். வீட்டுக்கு வந்து காலுறையை உதறினால் கறுப்பு ரப்பர்த் துகள்கள் தரையெங்கும் சிதறும், முழங்காலில் உராய்ந்த தோல் ஒரு வாரம் எரியும். அவை சிறிய விடயங்கள். பெரியது பந்தின் வேகம். இயற்கைப் புல்லில் இருபது மீற்றர் தூரத்துக்குத் தள்ளிய பந்து காலுக்கு வரும்போது சற்றே தளர்ந்து வரும். நீர் தெளித்த செயற்கைத் தரையில் அதே பந்து வழுக்கிக்கொண்டு அதே விசையோடு வந்து, பாதத்தின் உட்புறத்தில் பட்டு ஒரு முழம் முன்னே தெறிக்கும். அந்த ஒரு முழத்துக்காகத்தான் எதிராளி காத்து நிற்பான். எதிரணிப் பாதியில் அப்படித் தெறித்தால் ஒரு பந்து போயிற்று, அவ்வளவுதான். நம் கோல் காப்பாளரிடமிருந்து குறும்பாசில், அதாவது பக்கத்தில் நிற்பவருக்குத் தள்ளும் பந்தில், வெளியேறும்போது தெறித்தால், அது அனேகமாகக் கோல்.

எங்கள் ஞாயிற்று அணிக்கு இது நடந்தது. அத்தகைய தரையையே சொந்த மைதானமாகக் கொண்ட ஓர் அணியிடம், முதல் ஆண்டு பின்னாலிருந்து குறும்பாசில் கட்டி எழுப்புவோம் என்று போய், கால் மணி நேரத்துக்குள் இரண்டு கோல்களை விட்டோம். மறுஆண்டு நாங்களே கூடிப் பேசி வழியை மாற்றினோம்: பின்கள நால்வரும் நெருங்கி நின்றோம், பந்தை உயரத் தூக்கி முன்னே அனுப்பினோம், அங்கே முதல் மோதலில் தெறித்து விழும் இரண்டாம் பந்துக்காக ஓடினோம். ஆட்டம் 1–1 என்று முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களின் அனுபவம் தொழில்முறை வீரர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வடகடலோரக் காற்றில் நான் ஒருபோதும் ஆடியதும் இல்லை.

ஆயினும் டொட்டன்ஹாமின் சொந்த வரலாறே இதற்குச் சாட்சி சொல்கிறது. 2010 ஓகஸ்டில், சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில், யங் போய்ஸ் அணியின் செயற்கைத் தரையில் அரை மணி நேரத்துக்குள் மூன்று கோல்கள் பின்தங்கி, கடைசியில் 3–2 என்று தோற்றுத் திரும்பினோம். அதைப் பழங்கதை என்று தள்ளினாலும், இந்த ஆண்டு ஜனவரியை எப்படித் தள்ளுவது? எஃப்ஏ கிண்ணப் போட்டியில், ஐந்தாம் தட்டைச் சேர்ந்த டாம்வொர்த் அணியின் செயற்கைத் தரையில் தொண்ணூறு நிமிடங்கள் ஒரு கோல்கூட அடிக்க முடியாமல், மேலதிக நேரத்தில்தான் 3–0 என்று தப்பினோம். அந்தத் தரையில் நம் பாஸ் ஆட்டம் ஓடவில்லை என்பதை இதே பருவத்தில் கண்ணால் பார்த்துவிட்டு, நான்கு மாதங்களில் அதே ஆட்டத்தைக் கிளிம்டின் பயிற்சியாளர் குனூட்சென் பழக்கிய அணியின் முற்றத்தில் ஆடிக் காட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏறி ஆடுவதற்கு வேண்டிய கால்களும் இப்போது இல்லை. மடிசன், பேர்க்வால், சன் மூவருமே காயத்தால் வெளியே இருக்கிறார்கள். மறுபக்கம், காத்து ஆடத் தேவையானவர்கள் இருக்கிறார்கள்: ரொமேரோவும் வான் டி வெனும் உடல்நலத்தோடு இருக்கிறார்கள், உயரப் பந்துக்குச் சொலங்கேயும் ரிச்சார்லிசனும் உண்டு. காலிறுதியில் பிராங்க்ஃபர்ட்டில் 1–0 என்று முன்னிலை பெற்று, அதைக் கடைசி நிமிடம்வரை இறுகப் பிடித்து வென்றதும் இதே அணிதான். அது இயற்கைப் புல் என்பதால் அதை முழுச் சான்றாகக் கொள்ள மாட்டேன்; இவர்களுக்குக் காத்து ஆடவே தெரியாது என்ற பேச்சுக்கு மட்டும் அது போதுமான பதில்.

காத்து ஆடுவது என்றால் பெனால்டி எல்லைக்குள் பத்துப் பேரையும் திணிப்பது என்று நான் சொல்லவில்லை. ரோமாவின் தவறு அங்கேதான் தொடங்குகிறது. பின்கள வரிசை பெனால்டி எல்லைக்கோட்டுக்குப் பத்து மீற்றர் முன்னே நிற்க வேண்டும். முதல் அரை மணி நேரம் குறும்பாசே வேண்டாம். கிடைக்கும் ஒவ்வொரு கோர்னரையும் அவசரமில்லாமல், தலை உயரத்துக்கு அனுப்ப வேண்டும். கிளிம்ட் ஒரு கோல் அடித்து மொத்தக் கணக்கு 3–2 ஆகிவிட்டால் என் வழி எவ்வளவு தாங்கும் என்பதில் எனக்கே உறுதி இல்லை. அப்போது ஏறி ஆடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டி வரலாம்.

லீக்கில் 35 ஆட்டங்களில் 19 தோல்விகளோடு நிற்கும் எங்களுக்கு அடுத்த ஆண்டு ஐரோப்பியப் போட்டிகளில் இடம் வேண்டுமானால் இந்தக் கிண்ணம் ஒன்றே வழி. 2008-க்குப் பிறகு, 2025 மே தொடக்கத்தில் இதை எழுதும்வரை, எந்தக் கிண்ணத்தையும் நாங்கள் தூக்கியிருக்கவில்லை. வியாழன் இரவு ஆட்டம் தொடங்கியதும் நான் முதலில் கவனிக்கப்போவது கோல் காப்பாளர் விகாரியோவின் முதல் உதையை. அவர் பந்தைப் பக்கத்தில் நிற்கும் ரொமேரோவின் காலுக்குத் தள்ளுகிறாரா, நடுக்கோட்டைத் தாண்டிச் சொலங்கேயின் தலைக்கு அனுப்புகிறாரா என்பதிலேயே எந்த வழியைத் தேர்ந்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.