கடலில் நிமிர்ந்து நின்ற புடலங்காய்

செம்மஞ்சள் நிறத்தில் நீளமான ஒரு பை, சுழியோடி கடலில் தான் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டுவதற்கு. சுருட்டினால் சாரத்து மடிக்குள் அடங்கும், காற்று ஊதினால் 1.8 மீற்றருக்கு விறைக்கும். வெளிநாட்டுச் சுழியோடிகள் இதைச் செல்லமாகச் ‘சொசேஜ்’ என்பார்கள். எங்கள் படகு ஓட்டி அண்ணை முதல்நாள் இதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதென்ன தம்பி, புடலங்காயோ?” என்று கேட்டார். அன்றோடு கரையில் இருக்கும் எங்கள் மீன்பிடி வாடியில் அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. இரண்டு சோளகம், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலம், இதோடு கடலுக்குப் போய்விட்டேன். வாங்கலாமா என்று கேட்கிற தம்பிமாருக்காக எழுதுகிறேன்.

ஏன் வாங்கினேன் என்று முதலில் சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

சோளகத்தில் முல்லைத்தீவுக் கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரையோரம் அலை எழும்பாது. வெளியே போகப் போகத்தான் கூடும். அந்தக் காற்றில் அகப்பட்ட சாமான் திரும்பக் கரைக்கு வராது, வங்காள விரிகுடாவுக்குள் போகும். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று என்றால் எங்காவது ஒரு கரையில் கொண்டுவந்து போடும். ஆனால் வாடைக்கு எவன் சிலிண்டர் கட்டுகிறான்?

ஒரு ஆனி மாதக் காலை, சங்குக்கு மூன்று பேர் இறங்கினோம். 9 பாகம் (ஏறக்குறைய 16 மீற்றர்) தண்ணீர், படகு நங்கூரத்தில். நான் பாரின், அதாவது கடலடிப் பாறையின், ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். சங்கு தட்டுப்படுகிற நாளில் நீரோட்டத்தை யார் பார்ப்பது? சிலிண்டரில் காற்று முடிகிறது என்று மேலே வந்தால் படகு அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கிறது. ஓட்டி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மற்ற இரண்டு பேரையும் ஏற்றுகிறார். கத்தினேன். காற்று அவர் பக்கமிருந்து என் பக்கம் அடிக்கிறது, என் சத்தம் எனக்குப் பின்னால்தான் போனது.

கொஞ்ச நேரத்தில் தேடத் தொடங்கினார்கள், அதில் குறை சொல்ல முடியாது. இரண்டு தரம் எனக்குப் பக்கத்தால் போனார்கள். இரண்டாம் தரம் படகின் இலக்கத்தை என்னால் வாசிக்க முடிந்தது, அவ்வளவு கிட்ட. அவர்களுக்கோ நான் இல்லை. காலை வெயில் கிழக்கிலிருந்து கண்ணைக் குத்துகிறது, நானும் கிழக்கில்தான் இருக்கிறேன். தலை என்பது கடலில் ஒரு தேங்காய் அளவுதானே. கடைசியில் மதியம் போல வலை எடுக்கப் போன வேறொரு படகு ஏற்றியது. அந்த ஐயா என்னை ஆமை என்று நினைத்தாராம். வலையில் மாட்டிய ஆமையாக இருந்தால் வலையை வெட்டி விடுவிப்போம் என்றுதான் கிட்ட வந்திருக்கிறார்.

சரி, புடலங்காய்க்கு வருவோம். நான் வாங்கியது ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது இணையக் கடை ஒன்றில் மலிவுக்குக் கிடைத்தது. அடி திறந்த வகை. கீழ்வாய்க்குள் குமிழியை விட்டால் நிரம்பும், மேலே போகும், நன்றாக நிற்கும். பிரச்சினை மேலே போன பிறகு. பையிலிருந்து நம் கைக்கு வரும் நூலின் இழுவை கொஞ்சம் தளர்ந்தால் பை தண்ணீரில் படுக்கும், படுத்தால் கீழ்வாயால் காற்று வெளியேறும். பத்து நிமிடத்தில் பழைய சாக்கு மாதிரி மிதந்தது. கரையோரம் சோதித்துப் பார்த்ததால் தப்பினேன். கடைக்கு எழுதினேன், “பாவித்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை” என்று பதில். சோதிக்காமல் எப்படி ஐயா பழுது தெரியும்?

இரண்டாவது, அடி மூடிய வகை. இதைத்தான் சிபாரிசு செய்கிறேன். அடியில் சுண்டுவிரல் அளவு குழாய், அதற்குள் ஒருவழி வால்வு. வாயால் ஊதலாம், உள்ளே போன காற்று திரும்பி வராது. இன்னொரு பக்கத்தில் வட்ட வால்வு ஒன்று இருக்கும், உள்ளழுத்தம் மிஞ்சினால் அது தானாகவே திறந்துவிடும். அது ஏன் வேண்டும் என்றால், 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே பாதிப் பை ஊதி விட்டால் மேலே வரும்போது முழுப்பை ஆகிவிடும். கீழேயே முழுதாக ஊதி, வால்வும் இல்லாவிட்டால் தையல் கிழியும். எனக்கு இரண்டு மூச்சு போதும், மிச்சத்தைக் கடல் ஊதித் தரும்.

நூல் 30 மீற்றர் வாங்குங்கள். நம் பார்களுக்கு அது தாராளம், ஓட்டத்தில் நூல் சரிந்து போனாலும் எட்டும். ஆனால் நூலை இடுப்பிலோ கைமணிக்கட்டிலோ கட்ட வேண்டாம். சுருளில் முடிச்சு விழுந்தால் பை உங்களையும் இழுத்துக்கொண்டு மேலே பாயும். மூச்சை அடக்கியபடி அப்படி மேலே வந்தால் நுரையீரல் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. கையில் பிடியுங்கள், இறுகினால் விட்டுவிடுங்கள். நூல் போனால் போகட்டும்.

ஒரு விஷயம் பெட்டியில் எழுதியிருக்காது. மேலே வந்த பிறகு பை தானாக நிமிர்ந்து நிற்காது, காற்றுக்குச் சாயும். அடியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்க வேண்டும், அப்போதுதான் மேல்பாதி விறைத்து நிற்கும். அதனால் 1.8 மீற்றர்ப் பையில் வெளியே தெரிவது அதைவிடக் குறைவு. ஒரு மீற்றர்ப் பை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏமாறாதீர்கள். நீண்ட நேரம் அமுக்கிக்கொண்டிருந்தால் கை உளையும், படகுச் சத்தம் கேட்கும்போது நிமிர்த்தினால் போதும். பிறகு, இது உயிர்காப்பு அங்கி அல்ல. ஊதினால் மிதக்க வைக்கும் காற்றுச் சட்டை இல்லாமல் வெறும் பட்டியில் சிலிண்டர் கட்டுகிற நம் ஆட்கள் அதை மறக்கக் கூடாது. மேலே வந்தவுடன், மூழ்குவதற்காகக் கட்டிய ஈயப் பட்டியைக் கழற்றி விடுங்கள். என் மருமகன் ஈயத்தின் விலையைக் கணக்குப் பார்க்கிறவன், அவனுக்காக இதை இரண்டு தரம் எழுதலாம்.

கூடவே வாங்கிய மற்றவை. விசில்: இஞ்சின் ஓடும்போது வீண், இஞ்சினை நிறுத்தினால் அருமை. ரோச்: கையில் கட்டுகிற சிறியது, பின்னேரம் இறங்கினால் கட்டாயம். வெயிலைத் திருப்பிச் சைகை காட்டும் கண்ணாடிக்குக் காசு கொடுக்க வேண்டாம், பழைய சீடி ஒன்று போதும். நடு ஓட்டையால் படகைப் பார்த்துக்கொண்டு வெயிலை அதன்மேல் எறியலாம். பின்னேரத்தில், வெயில் படகுப் பக்கமாக மேற்கில் இருக்கும்போது, கரையில் நின்ற பொடியன் கண்ணைப் பொத்திக்கொண்டான், அவ்வளவு வெளிச்சம். ஆனால் காலையில் வெயில் நம் முதுகுப் பக்கம், படகு மேற்கில். அந்தக் கோணத்தில் வெளிச்சத்தைத் திருப்புவது சிரமம். நான் தொலைந்த அன்று சீடி இருந்திருந்தாலும் பெரிதாக உதவியிராது.

கனடாவில் இருக்கும் மச்சான் நோட்டிலஸ் என்றொரு கருவியை அனுப்பட்டுமா என்று கேட்டான். உள்ளங்கை அளவு, 130 மீற்றர் ஆழம் வரை தாங்கும், மேலே வந்து அமுக்கினால் நாம் இருக்கும் இடம் சுற்றியுள்ள கப்பல்களின் திரையில் தெரியும். நல்ல சாமான்தான். ஆனால் அந்தத் திரை நம் 18 அடிப் படகில் இல்லையே! தேடி வருகிற ஓட்டிக்குத் தெரியாமல் தூரத்தில் போகிற கப்பலுக்குத் தெரிகிற கருவி. செய்மதிக்கு 406 மெகாஹேர்ட்ஸில் சைகை அனுப்பும் வேறு வகையும் உண்டு, அது எந்தக் கடலிலும் வேலை செய்யும். ஆனால் பெரும்பாலானவை சுழியோடும் ஆழத்தைத் தாங்காது, தனியாக நீர்புகாக் கூடு வேண்டும். மச்சானிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். காசு வந்தால் இரண்டாவது வகையைப் பார்ப்பேன்.

புடலங்காய்க்கு ஐந்தில் நாலு. அந்த ஒன்றைக் குறைத்தது பைக்காக அல்ல, படகுக்காக. பை எவ்வளவு நிமிர்ந்தாலும் பார்க்கிற கண் வேறு பக்கம் இருந்தால் என்ன பயன்? 1998 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் பவளப்பாறைக் கடலில் ஓர் அமெரிக்கத் தம்பதியைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஒரு சுற்றுலாப் படகு கரைக்குத் திரும்பிவிட்டது. தலை எண்ணியதில் பிழை. இரண்டு நாள் கழித்துப் படகில் அவர்களுடைய பை கிடந்ததைக் கண்ட பிறகுதான் விளங்கியிருக்கிறது. இருவரும் கிடைக்கவே இல்லை. இயந்திரமும் சட்டமும் உள்ள நாட்டிலேயே இப்படி என்றால், மூன்று பேரை மனதில் எண்ணுகிற நாங்கள் எம்மாத்திரம்.

ஆகவே படகின் சொந்தக்காரரான சம்மாட்டியோடு கதைத்துச் சில பழக்கங்களை மாற்றினோம். ஒரு பள்ளிக்கூடக் கொப்பி, பொலித்தீனுக்குள். யார் எத்தனை மணிக்கு இறங்கினான், எத்தனை மணிக்கு ஏறுவான் என்று ஓட்டி எழுதுவார். நேரம் ஐந்து நிமிடம் தாண்டினால் யாரையும் கேட்காமல் தேடத் தொடங்கலாம். நங்கூரக் கயிற்றின் நுனியில் ஒரு போயா (மிதவை) கட்டியிருக்கிறது. கயிற்றை இழுத்து நேரத்தைக் கரைக்காமல் அப்படியே அவிழ்த்துக் கடலில் விட்டுவிட்டு ஓடலாம், இடமும் அடையாளமாக நிற்கும்.

பிளாஸ்டிக் கான் யோசனை ஓட்டி அண்ணையுடையது. பாதிக்குத் தண்ணீர் நிரப்பிய மஞ்சள் கான் ஒன்று படகில் எப்போதும் கிடக்கும். ஆளைக் காணவில்லை என்றவுடன் அதைப் போயாவுக்குப் பக்கத்தில் போடுவார். வெறும் கான் என்றால் காற்றுக்கு ஓடிவிடும். பாதி நிரம்பியது தலையைப் போலத் தாழ்ந்து மிதக்கும், நீரோட்டம் ஆளை எங்கே கொண்டுபோகிறதோ கிட்டத்தட்ட அந்தப் பக்கம் அதுவும் போகும். ஒரு நொட் ஓட்டமென்றால் மணிக்கு 1.85 கிலோமீற்றர். அரை மணி பிந்தினால் ஆள் ஒரு கிலோமீற்றருக்குக் கிட்டப் போயிருப்பான். ஆகவே இறங்கிய இடத்தைச் சுற்றிச் சுற்றி வராமல் கான் போகிற கோட்டில் முன்னால் போக வேண்டும், சில நிமிடத்துக்கு ஒருதரம் இஞ்சினை நிறுத்தி விசில் கேட்கிறதா என்று கேட்க வேண்டும். கரைக்கும் பக்கத்துப் படகுகளுக்கும் போன் அடிப்பதை முதலிலேயே செய்துவிட வேண்டும். என்னைத் தேடியபோது கடைசியாகத்தான் அடித்தார்கள். வெட்கமாக இருந்ததாம்.

போன வைகாசியில், வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கிழமை, ஒத்திகை பார்த்தோம். நான் வேண்டுமென்றே ஓட்டத்தில் போய்ப் பை ஏற்றினேன். கொப்பி, கான் எல்லாம் முறைப்படி. பதினொரு நிமிடத்தில் படகு வந்தது.

“எங்கே இருந்து கண்டனீங்கள் அண்ணை?”

“நங்கூரத்தை விட்டவுடனேயே தெரிஞ்சுதடா. எழுந்து நிண்டு பாத்தன், கத்தரித் தோட்டத்துக்குள்ள புடலங்காய் மாதிரி.”

பராமரிப்பு சுருக்கம்தான். நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயப்போடுங்கள், வெயிலில் விட்டால் நிறம் வெளிறும். வால்வுக்குள் மணல் இருந்தால் காற்று நிற்காது, ஒவ்வொரு முறையும் கரையில் ஊதிப் பாருங்கள். என்னுடைய மனைவி அதைக் கொடியில் செத்தல் மிளகாய்க்குப் பக்கத்தில் காயப்போட்டுவிட்டார். அடுத்தநாள் குழாயில் வாய் வைத்தபோது கண்ணால் தண்ணீர் வந்தது.

இப்போது மருமகனுக்கும் ஒன்று எடுக்க வேண்டும். அதே வகை, அதே நீளம். செம்மஞ்சளில் இருக்கிறதா என்று கடையில் கேட்டேன், இருக்கிறதாம். அவனுக்கு நீலம்தான் வேண்டுமாம், படகின் நிறத்துக்குப் பொருந்துமாம்.