செஸ், 304, டோட்டா 2: எது எத்தனை நாளில் கைவரும்?

திருகோணமலையில் மூளையைக் கசக்கி ஆடும் ஆட்டங்களில் மூன்றை அருகருகே வைத்துப் பார்க்கலாம்: பள்ளிக்கூடத்துச் செஸ், செத்தவீட்டில் நான்கு பேர் இரண்டு கட்சியாக விடியவிடிய ஆடும் 304 கடதாசி, பெடியளின் கணினியில் ஓடும் டோட்டா 2. நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் எதில் எப்போது தேறலாம்? மணிக்கணக்கை மட்டும் எண்ணினால் விடை பிழைக்கும். ஆள் செய்த பிழையை ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்கிறது என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

தேறுவது என்றால் என்ன என்பதையும் முதலே வகுத்துக்கொள்ள வேண்டும். செஸ்ஸில் சர்வதேச செஸ் சங்கமான ஃபிடே தரும் ரேட்டிங் 1600. டோட்டாவில் தரவரிசையின் நடுவில் வரும் ஆர்கான் தரம். 304 இல் ரேட்டிங் கிடையாது. ஆள் குறையும்போது முதலில் உங்களைக் கூப்பிடுகிறார்களா என்பதுதான் அளவுகோல். மற்ற இரண்டையும்விட அது கறாரானது.

செஸ்ஸில் இருந்து தொடங்குவோம். 2007 இல் கோபே, காம்பிடெல்லி என்ற ஆய்வாளர்கள் ஆர்ஜன்டீனாவின் 104 ஆட்டக்காரர்களைக் கணக்கெடுத்தார்கள். மாஸ்டர் தரத்தைத் தொடச் சராசரி 11,053 மணித்தியாலம் பிடித்திருந்தது. ஒருவருக்கு 3,016 போதுமாயிருந்தது, இன்னொருவருக்கு 23,608 வேண்டியிருந்தது. நாளுக்கு ஒரு மணி என்று வைத்தால் சராசரி ஆளுக்கு 30 வருடம், கெட்டிக்காரருக்கு 8 வருடம், கடைசி ஆளுக்கு ஏறக்குறைய 65 வருடம். அதற்கும் கூட உழைத்தும் மாஸ்டர் ஆகாதவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஆகவே மாஸ்டர் கனவை ஒரு பக்கம் வைத்துவிட்டு 1600 ஐப் பார்ப்பது நல்லது.

2024 மார்ச் 1 முதல் ஃபிடே ரேட்டிங்கின் அடிமட்டம் 1400. அதற்கு முன்பு 1000. முதல் ரேட்டிங்குக்கு ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். பிறகு 1400 இலிருந்து 1600 க்குப் போவது என்றால் என்ன? ரேட்டிங்குக்கு அடிப்படையான எலோ கணக்கில் 200 புள்ளி வித்தியாசம் என்பது 0.76 எதிர்பார்ப்பு. அதாவது, உங்கள் பழைய கையோடு நான்கு ஆட்டம் ஆடினால் மூன்று புள்ளி எடுக்கும் அளவுக்கு மாறியிருக்க வேண்டும். ஒழுங்காகப் பயின்றால் இரண்டு வருடம், இடையில் சாதாரண தரப் பரீட்சை வந்தால் மூன்று என்று வைக்கலாம்.

ஒழுங்கு என்பதில்தான் பலரும் சறுக்குவது. கைத்தொலைபேசியில் ஆளுக்கு 3 நிமிட ஆட்டம் பத்து ஆடினால் ஒரு மணி போய்விடும், ஒன்றும் ஒட்டாது. 15 நிமிடத்தோடு நகர்வுக்கு 10 செக்கன் கூடும் ஆட்டத்தை எடுங்கள். 40 நகர்வு போனால் ஆளுக்கு 22 நிமிடத்துக்குக் கிட்ட வரும். இருவருக்கும் சேர்த்து முக்கால் மணி. ஒரு நாள் ஆடி, அடுத்த நாள் அதே ஆட்டத்தைக் கிளறுங்கள். முதலில் எஞ்சினை, அதாவது நகர்வுகளைக் கணித்துச் சொல்லும் கணினி நிரலைத், திறக்காமல், எங்கே பயம் வந்தது, எங்கே யோசிக்காமல் வைத்தோம் என்று எழுதிவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். முதலே திறந்தால் அது காட்டும் இலக்கத்துக்குத் தலையாட்டுவதோடு படிப்பு முடிந்துவிடும். மூன்றாம் நாள் புதிர்கள்: ஒரே குதிரை இரண்டு காயை மிரட்டுவது, ராஜாவுக்கு முன்னால் நிற்கும் காயை அசையவிடாமல் கட்டிப்போடுவது. ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் செக், வெட்டு, மிரட்டல் மூன்றையும் இரண்டு பக்கத்துக்கும் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், 1400 இல் தோற்கும் ஆட்டங்களில் பெரும்பகுதி தோற்காது.

தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்வதுதான் நேரத்தை அதிகம் தின்கிறது. அதைவிட ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும் மிஞ்சும் முடிவைப் படித்தால் பலன் உடனே தெரியும். சிப்பாய்க்கு முன்னால் உங்கள் ராஜா ஆறாம் வரிசையை எட்டிவிட்டால் நகர்வு யாருடையதாக இருந்தாலும் வெற்றிதான். ஓரச் சிப்பாய்க்கு மட்டும் இது செல்லாது. எதிரி ராஜா மூலைக்குள் நுழைந்துவிட்டால் சமன். பத்து நிமிடத்தில் படிக்கலாம், ஆயுளுக்கும் மாறாது.

பிள்ளைகள் மளமளவென்று ஏறுகிறார்களே என்று பெரியவர்கள் சோரத் தேவையில்லை. ரேட்டிங் சூத்திரமே அப்படித்தான். சம பலமுள்ளவரை வென்றால் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு 20 புள்ளி. 30 ஆட்டம் தாண்டிய பெரியவருக்கு 10. மகனும் தகப்பனும் ஒரே அளவு வென்றாலும் மகன் இரட்டிப்பு வேகத்தில் ஏறுவான், இறங்கும்போதும் அப்படியே.

இனி 304. சட்டம் ஒரு பின்னேரத்தில் படித்துவிடலாம், ஆனால் கை வர வருடங்கள் போகும். 32 தாள், ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2, எட்டும் ஏழும் வெறும் தாள். ஒரு இனத்தில் 76, நான்கிலும் 304. இதிலேயே முதற் பாடம் இருக்கிறது: நான்கு ஜாக்கும் நான்கு ஒன்பதும் சேர்ந்தால் 200 புள்ளி. எட்டே தாளில் ஆட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு கிடக்கிறது. புதிதாகப் படிப்பவர் 32 தாளையும் நினைவில் வைக்கப் பார்த்து, பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கோட்டை விடுவார். முதல் மாதம் இந்த எட்டை மட்டும் எண்ண வேண்டும். அடுத்த மாதம் விழுந்த துரும்புகளை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் தாள்களைச், சேர்த்து எண்ணலாம். மூன்றாவது மாதம், யாருடைய கையில் எந்த இனம் தீர்ந்துவிட்டது என்பதையும்.

கேள்விதான், அதாவது எங்கள் கட்சி இத்தனை புள்ளி எடுக்கும் என்று சொல்வதுதான், காசைப் பறிக்கும் இடம். முதல் நான்கு தாளைப் பார்த்தவுடனேயே 160 என்றும் அதற்கு மேலும் கேட்பார்கள். ஒரே இனத்தில் மூன்று தாள் வந்தால் ஆசை வருவது இயல்பு. கணக்கைப் பாருங்கள்: மீதி 28 தாளில் அந்த இனம் ஐந்து, உங்களுக்கு இன்னும் வருவது நான்கு தாள். சராசரியாக 0.71 துரும்புதான் வரும். நூற்றுக்கு 43 தடவை ஒன்றுகூட வராது. ஆகவே மூன்றும் ஜாக், ஒன்பது, ஆசு என்று கனமாக இருந்தால் ஒழிய, ‘அடுத்த நாலில வரும்’ என்று கேட்பது வீண் நம்பிக்கை. துரும்பு ஜாக் உங்களிடம் இல்லையென்றால் எட்டுத் தாளும் வந்த பிறகு அது கூட்டாளியிடம் இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு; மற்ற இரண்டு பங்கும் எதிராளிகளிடம். எதிர்க்கட்சியின் கணக்கும் மறக்கக் கூடாது: 160 கேட்டவரை விழுத்த அவர்களுக்கு 145 போதும்.

இப்படிக் கணக்குச் சொல்லலாம் என்றாலும் 304 மெதுவாகத்தான் கைவரும், காரணம் பிழை மறைந்துகொள்கிறது. தப்பான கேள்வி கேட்டும் நல்ல தாள் வந்து வெல்லலாம். சரியாகக் கேட்டும் தோற்கலாம். துரும்பு எது என்று காட்டாமல் மூடியிருக்கும்போது கவிழ்த்துப் போடும் தாள்களும் சேர்ந்து யார் பிழைவிட்டார் என்பதை மூடிவிடும். பழி வழக்கமாகக் கூட்டாளியின் தலையில் விழும். மருந்து ஒன்றுதான்: ஆட்டம் முடிந்தவுடன் தாளைக் கலக்காமல் நான்கு கையையும் விரித்து, எந்தப் பிடியில் திரும்பியது என்று பார்ப்பது. இரண்டு மணித்தியாலத்தில் இருபது ஆட்டம் போகும் என்றால் அப்படி விரித்துப் பார்த்தால் பன்னிரண்டுதான் போகும். ஆனால் அந்தப் பன்னிரண்டு வேலை செய்யும். செத்தவீட்டில் இது நடக்காது. சுற்றி நிற்பவர்கள் விடமாட்டார்கள், அடுத்த ஆட்டத்துக்கு ஆள் காத்திருக்கும். வீட்டில், அதே கூட்டாளியோடு கிழமைக்கு இரண்டு தரம் வைத்தால் ஒன்றரை வருடத்தில் மேசைக்குக் கூப்பிடும் ஆளாகலாம். கூட்டாளி மாறிக்கொண்டே இருந்தால் அதில் பாதி வீண். இன்னொன்று, வீட்டுக்கு வீடு சட்டம் கொஞ்சம் மாறும். உப்புவெளியில் ஆடியதை மூதூரில் ஆட உட்காருமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டோட்டா 2 ஐப் பற்றி அவ்வளவு நீட்டத் தேவையில்லை, அதன் கணக்கே கதையைச் சொல்லிவிடும். 100 மணித்தியாலம் ஆடிய பிறகுதான் தரவரிசை ஆட்டமே திறக்கும்: நாளுக்கு ஒரு மணி ஆடுபவருக்கு மூன்று மாதத்துக்கு மேல். ஓர் ஆட்டம் சுமார் 40 நிமிடம், வென்றால் ஏறக்குறைய 25 புள்ளி ஏறும், தோற்றால் அதே அளவு இறங்கும். நூற்றுக்கு 55 வெல்லும் ஆள்கூட 100 ஆட்டத்தில், அதாவது 67 மணித்தியாலத்தில், 250 புள்ளிதான் ஏறுவார். ஐந்து பேரில் ஒருவர் என்பதால், தோல்வியில் தன் பங்கைப் பார்க்க மனமும் வராது. அதற்கு வழி, பதிவை எடுத்து முதல் 10 நிமிடத்தை மட்டும் பார்ப்பது. அரை நிமிடத்துக்கு ஓர் அலை, அலைக்கு நான்கு கிரீப் (தானாக நடந்துவரும் சிறு படைவீரர்) என்று ஒரு பாதையில் சுமார் 80 வரும். அதில் எத்தனையைக் கடைசி அடி அடித்தீர்கள் என்பதில் கூட்டாளிக்குப் பங்கே இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட ஹீரோக்களில் மூன்றுக்கு மேல் தொடாமல் இருப்பதும் ஒரு வருடத்தை மிச்சம் பிடிக்கும்.

ஆனால் படித்தது நிற்காது. 2023 ஏப்ரலில் ஆட்டத்தின் 7.33 என்ற புதுப் பதிப்பு வந்தபோது வரைபடமே பெருத்துப் போனது. பழைய பாதைகளை மனப்பாடம் செய்தவர்கள் மறுபடி அரிச்சுவடியில் தொடங்கினார்கள். ஒரு வருடம் விட்டுவிட்டு வந்தால் செஸ் காத்திருக்கும், 304 காத்திருக்கும், டோட்டா காத்திருக்காது. மின்சாரம் போவதும் இங்கே ஒரு கணக்கு: ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்பு அறுந்தால் ஆட்டத்தைக் கைவிட்டதாகவே பதிவாகும். மார்கழி மழையில் காற்றோடு லைன் போகும் வீட்டில் தரவரிசை ஆட்டத்தைத் தொடங்காமலிருப்பதே புத்தி.

பாடசாலைப் பிள்ளைக்குச் செஸ், அதில் சந்தேகமில்லை. கடையைப் பூட்டிவிட்டு வரும் நாற்பது வயதுக்காரருக்கு 304 தான் பொருந்தும். ஒரு நல்ல கூட்டாளி அகப்பட்டால் போதும். டோட்டாவை, ஏற்கெனவே நான்கு சிநேகிதர் சேர்ந்து ஆடும் பெடியனுக்கு விட்டுவிடலாம். செஸ்ஸைத் தேர்ந்தெடுப்பவர் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரேட்டிங் போட்டிகள் பெரும்பாலும் கொழும்புப் பக்கம்தான். இரவு ரயிலில் போய்த் தூங்காமல் இறங்கி, அன்று காலையே முதல் சுற்றில் உட்காரும் பிள்ளை முதல் இரண்டு ஆட்டத்தையும் கைவிட்டதுபோலத்தான். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழும்ப வைக்க வேண்டும்.