பூனை நகத்துக்கு கேப் மாட்டலாமா, வெட்டி விடலாமா, இல்ல பிராண்டுறதுக்கு ஒரு நார்க்கயிறு கட்டையே போதுமா?

எங்க வீட்டு பூனை மிளகுக்கு ரெண்டு வயசு. புது ரெக்சின் சோபா வந்து ஒன்பதாவது நாள் வலது கைப்பிடில பஞ்சு எட்டிப் பாத்துச்சு, ஜன்னல் கொசுவலை அதுக்கு முன்னாடியே காலி. அப்பதான் இந்த நெயில் கேப் பத்தி தேட ஆரம்பிச்சேன். நகத்துக்கு தொப்பியான்னு அம்மா சிரிச்சாங்க, ஆனா மாட்டுற அன்னிக்கு துண்டுல சுத்தி அமுக்கிப் புடிச்சது அவங்கதான்.

பாக்கெட்ல 20 கேப், குட்டி பசை ட்யூப் ஒண்ணு, எனக்கு 300 ரூபா பக்கம் ஆச்சு. மெத்துன்னு இருக்குற பிளாஸ்டிக்ல நகத்தோட வளைவுக்கு ஏத்த மாதிரி செஞ்ச உறை, உள்ள ஒரு சொட்டு பசை விட்டு நகத்து மேல சொருகணும். பூனைக்கு மொத்தம் 18 நகம், முன்னாடி அஞ்சஞ்சு பின்னாடி நாலுநாலு, சோபாவ கிழிக்கிறது முன்னங்கால்தான், அதனால 10 மாட்டினா போதும். சைஸ் விஷயத்துல மட்டும் அசால்ட்டா இருக்காதீங்க, லூசா இருந்தா அன்னிக்கே கழண்டுடும், டைட்டா இருந்தா நகத்தோட அடித்தோல அழுத்தும்.

விக்கிறவங்க பெருசா சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. கேப் மாட்டுறதுக்கு முன்னாடி நகத்த வெட்டியே ஆகணும், கூர் நுனி இருந்தா கேப் உள்ள சரியா உக்காராது. நகவெட்டிக்கு பயந்துதான் நான் கேப் பக்கமே போனேன், கடைசில முதல் வேலையே நகவெட்டின்னா என்ன சொல்றது.

மாட்டி முடிச்சதும் பசை காயுற வரைக்கும் அஞ்சு நிமிஷம் நக்க விடாம வச்சிருக்கணும், அது ஒரு யுகம். விட்டதும் மிளகு தண்ணில நடக்குற மாதிரி ஒவ்வொரு காலா தூக்கித் தூக்கி உதறிட்டு நடந்துச்சு. ராத்திரி டைல்ஸ்ல டக் டக்னு சத்தம், சாதாரணமா பூனை நகத்த உள்ள இழுத்துக்கும் அதான் சத்தமே வராது, கேப் போட்டா நுனி வெளிய நிக்குது. விடியறதுக்குள்ள ரெண்டு கேப்ப கடிச்சு எடுத்துடுச்சு. ஒண்ணு சோபா அடியில கிடைச்சுது, இன்னொண்ண காணோம், முழுங்கிடுச்சோன்னு டாக்டருக்கு போன் போட்டா பெரும்பாலும் மலத்தோட வந்துடும், வாந்தி எடுக்குதா சாப்பிடுதான்னு மட்டும் பாருங்கன்னாரு. மறுநாள் அது மலம் கழிக்கிற மண் தட்டுல ரோஸ் கலர்ல பளிச்சுன்னு இருந்துச்சு. அந்த ரெண்டு நகத்துக்கும் புது கேப் மாட்டினேன்.

அதுக்கப்புறம் ஒரு மாசம் சோபா தப்பிச்சுது, உண்மைய சொல்லணும்ல. நகத்தோட மேல் ஓடு தானா உரியும்போது கேப்பும் சேந்து விழும், 4லருந்து 6 வாரம் கணக்கு. ஆனா எல்லாம் ஒரே நாள்ல விழாது, ஒரு விரல்ல இருக்கும் பக்கத்து விரல்ல இருக்காது, ரொம்ப நாள் விழாம நிக்கிற கேப்ப அப்படியே விட்டா நகம் உள்ளயே வளந்து புண்ணாகலாம். வாரா வாரம் விரல் விரலா பாக்கணும். வெளிய சுத்துற பூனைக்கு இத மாட்டவே மாட்டாதீங்க, நாய் துரத்தினா மரம் ஏற நகம் வேணும்.

வெட்டுறது இதவிட லேசுன்னு பழகினப்புறம்தான் தெரிஞ்சுது. தூங்கி வழியுற நேரமா பாத்து விரல் மெத்தைய லேசா அமுக்கினா நகம் வெளிய வரும், வெளிச்சத்துல உள்ள ரோஸா ஒரு கோடு தெரியும், அது ரத்தக்குழாயும் நரம்பும், அதத் தொடாம வளஞ்ச கூர் நுனிய மட்டும் எடுங்க. ஒரே நாள்ல 10ம் முடிக்கணும்னு அடம் பிடிக்காதீங்க, நான் நாளைக்கு ரெண்டு விரல்னு ஆரம்பிச்சேன். தப்பித்தவறி ரத்தம் வந்தா கார்ன்ஃப்ளார் வச்சு அழுத்திப் புடிச்சா நிக்கும். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவ போதும்.

சரி, வெட்டினா பிராண்டுறது நிக்குமான்னா நிக்காது, கீறல் ஆழம்தான் கொறையும். மேல் ஓட்ட உரிக்க, முதுக நீட்ட, பாதத்துல இருக்குற வாசனைய பதிக்கன்னு அதுக்கு ஆயிரம் காரணம், நம்ம சோபா மேல பகை ஒண்ணும் இல்ல. அதனால கட்டை வேணும். கடைல வாங்கினது குட்டையா இருந்துச்சு, மிளகு ரெண்டு கால வச்சதும் சாஞ்சுது, அதோட பயந்து கிட்டயே போகல. அப்புறம் பழைய கட்டில் கால் ஒண்ணுல தேங்கா நார்க்கயிற இறுக்கி சுத்தி கனமான பலகைல ஆணி அடிச்சேன், உயரம் 90 செ.மீ, முழுசா நிமிந்து நீட்டுனாலும் அசையக்கூடாது அதான் முக்கியம். பால்கனில வச்சா சீண்டாது, கிழிச்ச கைப்பிடிக்கு பக்கத்துலயே வைங்க. குப்பைமேனிய பிடுங்கி வேர கயித்துல தேச்சேன், பூனைவணங்கின்னு சும்மாவா பேரு வச்சாங்க, உருண்டு பொரண்டு ஒரே கூத்து.

நகத்தையே ஆபரேஷன்ல எடுத்துடலாம்னு யாராவது சொன்னா காது குடுக்காதீங்க. அது நகத்த எடுக்குறது இல்ல, ஒவ்வொரு விரலோட கடைசி எலும்பையே வெட்டுறது. நியூயார்க் மாநிலம் 2019லயே தடை போட்டுச்சு.

நாய்க்கும் கேப் விக்கிறாங்க, ஆனா ரோட்டுல வாக்கிங் போற நாய்க்கு சீக்கிரம் தேஞ்சுடும். வயசான நாய் டைல்ஸ்ல வழுக்குதேன்னா நகத்துல மாட்டுற ரப்பர் வளையம்னு தனியா இருக்கு, இல்ல ரப்பர் மேட் விரிச்சு விடுங்க.

அப்ப கேப் வேஸ்டான்னா அப்படியும் இல்ல. எதிர் வீட்டு பூனைக்கு தோல் அலர்ஜி, கழுத்த சொறிஞ்சு சொறிஞ்சு சதை தெரிஞ்சுது. சொறியுறது பின்னங்கால்ல, அதனால பின்னாடி 8 நகத்துக்கு மட்டும் கேப் போட்டு மருந்தும் குடுத்தாங்க, புண்ணு ஆறிடுச்சு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுற பெரியவங்க வீட்ல இருந்தாலும் நான் கேப்தான் போடுவேன், அதுவும் பூனை ஒத்துக்கிட்டா. சோபாவுக்காகன்னா நகவெட்டியும் நார்க்கயிறு கட்டையும்தான், ரெண்டும் சேத்து கேப் பாக்கெட் ஒண்ணு விலைதான் எனக்கு ஆச்சு.

மீதி 8 கேப் ஃப்ரிட்ஜ் மேல டப்பால கிடக்கு, மீடியம் சைஸ். வேணும்னா கேளுங்க, பசை மட்டும் காஞ்சு போச்சு.