வார நாள் இரவுக்குப் புல்கோகிக் கறியா, கொத்துக்கறியா?

தென் கொரியாவில் உள்ள சுவோன் நகருக்குக் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் வார நாள் இரவில் மாட்டுக்கறி என்றால் எங்கள் வீட்டில் புல்கோகிதான்: மெல்லிசாகச் சீவிய கறியை சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, அரைத்த கொரியப் பேரிக்காய் எல்லாம் சேர்த்து ஊறவைத்து வதக்குவது. இப்போது இரண்டு வருடமாக ஏறக்குறைய அதே சாஸைக் கொத்துக்கறியில் ஊற்றி, சோற்றின் மேல் போட்டுச் சாப்பிடுகிறோம். இரண்டையும் வாரக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

ருசி எதில் அதிகம் என்று கேட்டால், புல்கோகிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீவிய கறியை லெட்டூஸ் இலையில் வைத்து, கொஞ்சம் சம்ஜாங் (காரமான சோயா விழுது) தடவி மடித்து வாயில் போடும் சுகத்தைக் கொத்துக்கறி தராது. விலையில் கொத்துக்கறி கொஞ்சம் குறைவு. ஹான்வூ என்கிற கொரிய நாட்டு மாட்டுக்கறி என்றால் இரண்டுக்குமே விலை எகிறும், வார நாளுக்கு ஆஸ்திரேலிய, அமெரிக்கக் கறியே போதும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் மாறியதற்கு ஒரே காரணம் ஃப்ரீசர்.

கறி வாங்கிய அன்றே சமைப்பதாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. கறிக்கடையில் புல்கோகிக்கு என்று சொன்னால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சீவியதை எடைபோட்டுத் தருவார்கள், பேரங்காடியிலும் அதற்கென்றே தனித் தட்டுகள் இருக்கும், அவ்வளவு மெல்லிய கறிக்கு அரைமணி நேர ஊறல் போதும். ஆனால் நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரே நடையில் வாரம் முழுவதற்கும் வாங்கிவிடுவோம். இங்கே கறிக்கு ஒரு கூன் என்பது 600 கிராம். அந்த ஒரு கூனை அப்படியே பையோடு ஃப்ரீசரில் போட்டால், சீவிய துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி செங்கல் மாதிரி ஆகிவிடும். புதன்கிழமை இரவு ஏழு பத்துக்கு வீட்டுக்குள் நுழைந்து, பசியோடு நிற்கும் ஏழு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தச் செங்கலை என்ன செய்வது? குளிர்ந்த தண்ணீரில் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் வெந்து சாம்பல் நிறமாகிவிடும், நடு இன்னும் கல்லாகவே இருக்கும். வெளியே மேசையில் வைத்துவிட்டுக் காலையிலேயே வேலைக்குப் போவது கூடவே கூடாது, கறியின் மேற்பரப்பு பல மணி நேரம் அறைச்சூட்டில் கிடந்தால் கிருமி பெருகும். முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி வைப்பதுதான் ஒழுங்கான வழி, அதைத்தான் நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது மறந்துவிடுவேன்.

கொத்துக்கறியில் இந்தத் தொல்லை இல்லை. 250 கிராம் வீதம் ஜிப் பையில் போட்டு, சப்பாத்திக் கட்டையால் உருட்டி ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாக்கி, ஃப்ரீசரில் புத்தகம் அடுக்குவது போல் நிறுத்தி வைத்துவிடுகிறேன். உறைந்த பொருள் இளகுவதில் கனம்தான் எல்லாம்: கனம் இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் இந்தத் தட்டைப் பைகள் ஒரு பாத்திரம் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடத்துக்குள் இளகிவிடுகின்றன. அதற்குள் அரிசி களைந்து குக்கரில் போடலாம், பூண்டு உரிக்கலாம், பிள்ளையின் பையைப் பிரித்துப் பார்க்கலாம். அவசரம் என்றால் இளகவே வேண்டாம். உறைந்த பலகையை அப்படியே சட்டியில் வைத்து மூடிவிட்டு, இளகும் பகுதியைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தால் வெந்துவிடும், என்ன, முறுகல் அவ்வளவாக வராது.

'சீவிய கறியையும் அப்படியே தட்டையாக வைக்கலாமே' என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. சாஸில் ஊறிய கறியைப் பையில் பரப்பி உறைய வைத்துப் பார்த்தேன். உப்பும் சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் அது கல்லாக இறுகுவதில்லை, சீக்கிரம் இளகியது, ஏறக்குறைய மனது மாறியே போனேன். ஆனால் இரண்டு விஷயம் தடுத்தது. ஒன்று, ஞாயிற்றுக்கிழமையே பேரிக்காய் அரைத்து, சாஸ் கலந்து, பையில் அடைத்து என்று ஒரு மணி நேரம் போய்விடுகிறது. வார நாளில் மிச்சம் பிடித்த நேரத்தை விடுமுறையில் கொடுப்பதால் என்ன லாபம்? இரண்டாவது, உறைந்து இளகிய கறி நிறையத் தண்ணீர் விடுகிறது. சட்டியில் போட்ட உடனே குழம்பு மாதிரி கொதிக்க ஆரம்பித்துவிடும். சியோல் பாணிப் புல்கோகியில் வேண்டுமென்றே சாறு ஊற்றி, சர்க்கரைவள்ளி மாவு நூடுல்ஸ் போட்டுச் சாப்பிடுவார்கள், அது வேறு. சுடச்சுட வறுவலாக எதிர்பார்த்தது தண்ணீரில் வேகும்போது மனது ஒப்புவதில்லை. தண்ணீர் வற்றும் வரை விட்டால் சர்க்கரை அடிப்பிடிக்கும், சட்டி தேய்க்க இன்னொரு பத்து நிமிடம்.

பேரிக்காய்க்குப் பதில் கிவி போடுகிறவர்களும் உண்டு, அதில் கவனம் வேண்டும். நம் ஊரில் முற்றின ஆட்டுக்கறிக்குப் பப்பாளிக்காய் தடவுகிறோமே, அதே வேலையை கிவி இன்னும் மெல்லிய கறியில் செய்கிறது. ஒரு கரண்டிக்கு மேல் போட்டு இரவு முழுக்க ஊறவைத்தால் கறி மாவாகிவிடும். கொத்துக்கறிக்கு இது எதுவுமே தேவையில்லை, ஏற்கெனவே அரைபட்ட கறி.

நான் செய்வது இதுதான். 500 கிராம் கொத்துக்கறிக்கு சோயா சாஸ் நான்கு மேசைக்கரண்டி (சூப்புக்கான குக் கான்ஜாங் வேண்டாம், அதில் உப்பு அதிகம், ஜின் கான்ஜாங் அல்லது யாங்ஜோ கான்ஜாங் என்று எழுதியிருக்கும் சோயா சாஸை எடுங்கள்), சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, பூண்டு ஆறு பல், இஞ்சி ஒரு சின்னத் துண்டு, கோச்சுஜாங் (கொரிய மிளகாய் விழுது) ஒரு மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கலக்கி வையுங்கள். சட்டியை நன்றாகக் காயவைத்து, கறியை அடை தட்டுவது போல் பரப்பி அமுக்கிவிட்டு, மூன்று நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடிப்பக்கம் பழுப்பாக முறுகினால்தான் ருசி, இந்த மூன்று நிமிடப் பொறுமைதான் மொத்த சமையலே. பிறகு திருப்பிப் போட்டு உதிர்த்து, எங்கும் சிவப்பு இல்லாமல் வேகவிடுங்கள். கொத்துக்கறியில் மேற்பரப்புக் கிருமி உள்ளே வரை கலந்திருக்கும் என்பதால் அரைவேக்காடு ஆகாது, உட்சூடு 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். மிதக்கும் கொழுப்பை வடித்துவிட்டு, கடைசியாக சாஸை ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் சுண்டவிட்டால், ஒவ்வொரு மணியிலும் சாஸ் ஒட்டிக்கொள்ளும். இதற்கு ஊறல் நேரமே கிடையாது.

நல்லெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. இங்கே சாம்கிரும் என்று விற்பது எள்ளை வறுத்து ஆட்டிய எண்ணெய், வாசனை தூக்கும். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் வருவது. ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. ஊரில் இருந்து இதைச் செய்கிறவர்கள் கைப்பிடி எள்ளைச் சிவக்க வறுத்து நுணுக்கித் தூவினால் ஓரளவு கிட்டத்தில் வரும். இந்த எண்ணெயை அடுப்பை அணைத்த பிறகுதான் ஒரு கரண்டி விட வேண்டும், முதலிலேயே ஊற்றினால் மணம் போய்விடும். மேலே வெங்காயத்தாள்.

சாதோல்பாகியை நடுவில் சொல்லாமல் விட்டால் தப்பு. மார்புப் பகுதிக் கறியைக் காகிதம் போலச் சீவி, சுருளாக உறைய வைத்து விற்பார்கள். அதை உறைந்தபடியே சட்டியில் போடலாம், இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும், வேகத்தில் என் கொத்துக்கறியையே மிஞ்சும். ஆனால் பாதி கொழுப்பு. இரவில் சூடாக அருமையாக இருக்கும், அடுத்த நாள் மதிய டப்பாவைத் திறந்தால் வெள்ளையாக உறைந்து நிற்கும். எங்கள் இருவருக்கும் மறுநாள் டப்பா முக்கியம் என்பதால் அதைத் தோன்ஜாங் (புளித்த சோயா விழுது) குழம்புக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

கடையில் ஊறவைத்தே விற்கும் புல்கோகியை மூன்று தடவைதான் வாங்கியிருக்கிறேன், மூன்றும் ஒரே கடையில். எங்கள் நாக்குக்குத் தித்திப்பு அதிகம், பையில் பாதி சாறு. மூன்று பையை வைத்து மொத்தமாகத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை, நல்ல கறிக்கடையில் அன்றன்று கலந்து தருவது நன்றாகவே இருக்கலாம். அதேபோல் பன்றிக் கொத்துக்கறியில் இரண்டு முறை செய்ததை வைத்து ஒப்பிட எனக்குத் துணிவில்லை.

விருந்தாளி வந்தாலோ சனிக்கிழமை என்றாலோ இப்போதும் புல்கோகிதான், அன்று காலையிலேயே கறிக்கடைக்கு நடந்து போய் வாங்குவேன், ஃப்ரீசர் பக்கம் போவதே இல்லை. மற்ற நாட்களில் ஏழு பத்துக்குப் பை தண்ணீருக்குள் போகும், ஏழே முக்காலுக்குச் சோறு, மேலே கறி, ஒரு பொரித்த முட்டை, பக்கத்தில் கிம்ச்சி. பிள்ளை மட்டும் கிம்ச்சியை ஒதுக்கிவிட்டு, வறுத்த கடற்பாசித் தாளில் சோற்றையும் கறியையும் சுருட்டிச் சாப்பிடுவான்.