கேலக்டின்-1: நிக்கலில் பிடிப்பதா, லாக்டோஸில் பிடிப்பதா?

கேலக்டின்-1 புரதத்தை முதன்முதலாகச் சுத்தம் செய்ய வேண்டி வந்தபோது நான் பெரிதாக யோசிக்கவில்லை. எங்கள் ஆய்வகத்தில் எந்தப் புரதமானாலும் ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் கொண்ட வால் ஒன்றை ஒட்டி, நிக்கல் ஏற்றிய மணிகளில் (ரெசின்) பிடிப்பதுதான் பழக்கம். நானும் ஒட்டினேன். எட்டு மாதம் கழித்து அந்த வால் மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையத்தை (பிளாஸ்மிடை) ஃப்ரீசருக்குள் போட்டுவிட்டு, வாலே இல்லாத புரதத்தை லாக்டோஸ் கட்டிய ரெசினில் பிடிக்கத் தொடங்கினேன். இன்று யாராவது கேட்டால் லாக்டோஸ் பக்கம்தான் கை காட்டுவேன். அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்காது.

கேலக்டின்-1 சுமார் 14.5 கிலோடால்டன் எடையுள்ள சின்னப் புரதம். இரண்டு சேர்ந்து ஜோடியாக நிற்கும். பீட்டா-கேலக்டோசைடு வகைச் சர்க்கரைகளைப் பிடிப்பதுதான் அதன் வேலை. அவற்றில் மலிவானது பாலில் இருக்கும் லாக்டோஸ். ஈ. கோலை பாக்டீரியாவில் வளர்த்தால் கரைந்த நிலையிலேயே தாராளமாகக் கிடைக்கும். எனவே கேள்வி விளைச்சலைப் பற்றியது இல்லை, அதை எப்படி அள்ளுவது என்பதுதான்.

வேறு வால்களும் உண்டு. ஜிஎஸ்டி, எம்பிபி என்ற முழுப் புரதங்களையே வாலாக ஒட்டுவார்கள். ஜிஎஸ்டி வால் 26 கிலோடால்டன், எம்பிபி 40-ஐத் தாண்டும். 14.5 கிலோடால்டன் புரதத்துக்கு அவ்வளவு பெரிய வால் எதற்கு? போதாக்குறைக்கு ஜிஎஸ்டி தானும் ஜோடி சேரும் புரதம். ஜோடி சேரும் புரதத்தோடு அதை ஒட்டிப் பிணைப்பை அளந்தால், யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்றே குழம்பிவிடும். இரண்டையும் நான் விட்டுவிட்டேன்.

நிக்கலின் பெருமை அதன் பொதுத்தன்மை. உலோக அயனியைக் கொண்டு புரதம் பிடிக்கும் வித்தையைப் போராத் குழு 1975-இல் காட்டியது. நிக்கல்-என்டிஏ ரெசின் 1980-களின் பிற்பகுதியில் வந்தது. வாலோடு போட்டியிட்டு நிக்கலைப் பிடிக்கும் இமிடசோலை 20 மில்லிமோலார் போட்டுக் கழுவு, 250-இல் இறக்கு, அவ்வளவுதான். எந்தப் புரதமானாலும் இதே செய்முறை. ஈ. கோலையின் சொந்தச் சரக்கான ஸ்லைடி, ஆர்ன்ஏ போன்ற புரதங்களும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்; அதைச் சமாளித்துவிடலாம்.

கேலக்டின்-1-க்கு மட்டும் இதில் ஒரு வம்பு இருக்கிறது. அதில் கந்தகம் கொண்ட சிஸ்டீன் அமினோ அமிலங்கள் ஆறு. காற்றுப் பட்டால் அவை ஆக்சிஜனேற்றமடைந்து புரதம் சர்க்கரையைப் பிடிக்கும் திறனை இழக்கும். 1994-இல் கேலக்டின் என்று பெயர் சூட்டப்படும் முன் இந்தக் குடும்பத்தை எஸ்-வகை லெக்டின் (லெக்டின் என்றால் சர்க்கரையைப் பிடிக்கும் புரதம்) என்று அழைத்ததற்கு இந்தத் தயோல் சார்புதான், அதாவது சிஸ்டீனின் கந்தகக் குழுவை நம்பியிருப்பதுதான் காரணம். ஆகவே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டிடிடி போன்ற ஒடுக்கும் பொருளை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும். டிடிடியை நிக்கல் ரெசினில் ஊற்றினால் நீல நிறம் போய்ப் பழுப்பாகிவிடும். இன்னொரு ஒடுக்கும் பொருளான மெர்காப்டோஎத்தனாலைக் கொஞ்சம் தாங்கும். நான் ரெசினுக்குப் பயந்து அதையும் குறைத்துக் குறைத்துப் போட்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

புரதங்களை எடைப்படி பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் ஒற்றைப் பட்டை, கண்ணாடி மாதிரி சுத்தம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் ஐடிசி கருவியில் பிணைப்பு வெப்பத்தை அளந்தேன். ஒரு புரத மூலக்கூறுக்கு ஒரு சர்க்கரை இடம் என்பதால் n மதிப்பு (ஒரு புரதத்துக்கு எத்தனை சர்க்கரை ஒட்டுகிறது என்ற எண்) ஒன்றை ஒட்டி வர வேண்டும். வந்தது பாதியைச் சற்றுத் தாண்டி. அடுத்த தொகுப்பில் இன்னும் குறைவு. செறிவை அளந்ததில் பிழையோ என்று மூன்று முறை அளந்தேன். பிழை அங்கே இல்லை. புரதத்தில் ஒரு பங்கு செத்துக் கிடந்தது. செத்த புரதமும் உயிருள்ள புரதமும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஒரே இடத்தில்தான் நிற்கும். நிக்கலுக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. அது பார்ப்பது வாலை மட்டும்தான். புரதம் செத்தாலும் வால் அப்படியே இருக்கிறதே.

நான் மாறியதற்கு இந்த ஒன்றுதான் காரணம். லாக்டோஸ் ரெசினில் ஒட்ட வேண்டுமானால் புரதம் லாக்டோஸைப் பிடித்தாக வேண்டும். பிடிக்க முடியாதது கழுவும்போதே ஓடிவிடும். சுத்தம் செய்வதும் வேலைத்திறனைச் சோதிப்பதும் ஒரே படியில் முடிகிறது. டிடிடியோ மெர்காப்டோஎத்தனாலோ எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், ரெசினில் கெட்டுப்போக உலோகமே இல்லை. லாக்டோஸில் பிடித்த முதல் தொகுப்பிலேயே n ஒன்றை நெருங்கியது. இன்னொன்றையும் பின்னால்தான் உணர்ந்தேன்: கேலக்டின்-1-இன் ஜோடி சேரும் இடம் அதன் இரு முனைகளை ஒட்டியே இருக்கிறது. அங்கே போய் வால் ஒட்டினால் ஜோடி கெடுமா? என் புரதத்தில் அதைத் தனியாகச் சோதித்ததில்லை. வால் இல்லாததால் அந்தக் கவலையே இப்போது இல்லை.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. 1967-இலேயே அகர்வாலும் கோல்ட்ஸ்டைனும் கான்கனவாலின்-ஏ லெக்டினைச் சாதாரண செஃபடெக்ஸ் மணிகளில் பிடித்துக் குளுக்கோஸால் இறக்கினார்கள். செஃபடெக்ஸே குளுக்கோஸ் சங்கிலிதானே! அந்த லெக்டின் வருவது ஜாக் பீனிலிருந்து; நம்மூர்த் தம்பட்டங்காய்க்கு அது நெருங்கிய சொந்தம்.

லாக்டோஸ் முறையிலும் ஒரு பள்ளம் உண்டு, நானும் அதில் விழுந்தேன். ரெசினிலிருந்து புரதத்தை இறக்குவது 100 மில்லிமோலார் லாக்டோஸ். அது பிணைப்பு இடத்தில் உட்கார்ந்தபடியே வெளியே வரும். 5 மில்லிலிட்டர் புரதத்தை 2 லிட்டர் பஃபரில் ஒரு முறை டயாலிசிஸ் (சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் ஊற வைப்பது) செய்தால் 400 மடங்கு குறையும், அதாவது 0.25 மில்லிமோலார் மிஞ்சும். சரி போதும் என்று தோன்றும். ஆனால் லாக்டோஸுக்கான பிரிகை மாறிலியே (பாதி இடங்கள் நிரம்பும் செறிவு) கிட்டத்தட்ட அந்த அளவுதான். அப்படியென்றால் ஏறக்குறைய பாதி இடங்கள் இன்னும் அடைபட்டே இருக்கின்றன. பஃபரை மாற்றி இரண்டாம் முறை வைத்தால் 0.6 மைக்ரோமோலாருக்கு இறங்கும். நான் மூன்று முறை வைக்கிறேன். கடைசி பஃபரைக் கொட்டாமல், அதிலேயே சர்க்கரைக் கரைசலையும் தயாரித்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் ஐடிசியில் பஃபர் கலக்கும் வெப்பமே சிக்னலை மூழ்கடித்துவிடும்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக: நிக்கலை உலோகத்தைக் கவ்வும் இடிடிஏவால் உரித்து, காஸ்டிக் சோடா கரைசலில் கழுவி, மறுபடி நிக்கல் ஏற்ற வேண்டும், கழிவைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது. லாக்டோஸ் ரெசினை உப்புக் கரைசலில் நன்றாகக் கழுவி 20% எத்தனாலில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் போதும். விலைக்கு வாங்காமல் நீங்களே தயாரிக்க நினைத்தால் மட்டும் யோசியுங்கள். லாக்டோஸை அகரோஸ் மணியில் கட்டப் பயன்படும் டைவினைல் சல்ஃபோன் கடும் விஷம்.

ஐடிசியில் எந்தச் சர்க்கரையைக் கொண்டு அளப்பது? லாக்டோஸைவிட இறுக்கமாக ஒட்டும் தயோடைகேலக்டோசைடை எடுங்கள். லாக்டோஸின் பிடி தளர்வு. அதை வைத்து அளந்தால் வளைகோடு சப்பையாகிவிடும், n-ஐ நம்ப முடியாது. 200 மைக்ரோமோலார் புரதத்தோடு ஒரு ஓட்டத்துக்கு, 200 மைக்ரோலிட்டர் கலம் உள்ள கருவியில், நிரப்பும்போது கூடுதலாகப் போவதையும் சேர்த்து, ஏறக்குறைய 1 மில்லிகிராம் செலவாகும். பெரிய கலம் உள்ள பழைய கருவியானால் 4 மில்லிகிராமுக்கு மேல். கருவி இல்லாதவர்கள் முயலின் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா என்று 96 குழித் தட்டில் பார்க்கலாம். எண் கிடைக்காது, புரதம் உயிரோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பிணைப்பை அளக்கும் இன்னொரு கருவியான எஸ்பிஆரில் இரண்டே முறைதான் உட்கார்ந்திருக்கிறேன், அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி போதாது. கேலக்டின்-8 மாதிரி இரண்டு பிணைப்புப் பகுதிகள் உள்ள உறவினர்களையும் நான் தொட்டதில்லை.

ஒரே இடத்தில் மட்டும் லாக்டோஸ் என்னைக் கைவிட்டது. சர்க்கரையை அணைக்கும் 68-ஆம் இடத்து டிரிப்டோஃபான் அமினோ அமிலத்தை மாற்றிய திரிபு எங்களுக்குத் தேவைப்பட்டது. சர்க்கரையைப் பிடிக்காத புரதத்தைச் சர்க்கரையால் எப்படிப் பிடிப்பது? பழைய ஹிஸ் வால் பிளாஸ்மிடை ஃப்ரீசரிலிருந்து எடுத்தேன். இந்த முறை மெர்காப்டோஎத்தனாலைக் குறைக்கவில்லை.