ஆடும் சிலிண்டரா, ஸ்லைடு வால்வா? வீட்டு லேத்தில் முதல் நீராவி இன்ஜின்

வீட்டில் சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கிப் போட்டவர்கள் கொஞ்ச நாளில் ஒரு கேள்வியோடு வருவார்கள். நீராவி இன்ஜின் செய்ய ஆசை, எதில் தொடங்குவது? வழி இரண்டு: சிலிண்டரே ஆடி நீராவிக்கு வழி விடும் ஆடும் சிலிண்டர், சிலிண்டர் அசையாமல் தனி வால்வு நகரும் ஸ்லைடு வால்வு. முதலாவதில் இரண்டும் அடுத்ததில் ஒன்றும் செய்து ஓட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

இரண்டுக்கும் பின்னால் ஒரே மனிதர் நிற்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஜேம்ஸ் வாட்டின் நிறுவனத்தில் வேலை பார்த்த வில்லியம் மர்டாக், 1780களில் ஆடும் சிலிண்டர் மாதிரி ஒன்றைச் செய்தார். 1799-ல் டி வடிவ ஸ்லைடு வால்வுக்குக் காப்புரிமை பெற்றவரும் அவரே. ஆடும் சிலிண்டர் என்றால் பொம்மைக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1858-ல் கடலில் இறங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கப்பலின் துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றியவை நான்கு ஆடும் சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 74 அங்குல உள்விட்டம். ஆனால் அந்தப் பெரிய இன்ஜின்களில் வால்வு தனியாக இருந்தது. நாம் செய்யும் சின்னதில் வால்வே கிடையாது, சிலிண்டரின் ஆட்டமே வால்வு.

அது எப்படி என்று பார்ப்போம். சிலிண்டர் ஒரு முளையில், அதாவது அது ஆடும் அச்சில், தொங்குகிறது. பிஸ்டன் ராடு நேராகக் கிராங்கை (சுழலும் கையை) பிடித்திருப்பதால், கிராங்க் சுற்றும்போது சிலிண்டர் இடமும் வலமும் ஆடும். சிலிண்டரின் தட்டையான முகத்தில் ஒரு துளை. அது உரசும் நிலையான உலோகக் கட்டையில் இரண்டு துளைகள், ஒன்று நீராவி உள்ளே வர, மற்றது வெளியே போக. ஒரு பக்கம் சாயும்போது நீராவித் துளை திறக்கும், மறுபக்கம் சாயும்போது வெளியேற்றத் துளை. இரண்டு முகங்களையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பது ஒரு ஸ்பிரிங். மொத்தமே ஏழெட்டுப் பாகங்கள்தான்.

இதற்குக் கணக்கும் எளிது. என் முதல் இன்ஜினுக்கு உள்விட்டம் 12 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரம்) 20 மி.மீ. முளையிலிருந்து கிராங்க் ஷாஃப்ட் 50 மி.மீ. தள்ளி. அப்படியானால் சிலிண்டர் ஒவ்வொரு பக்கமும் 11.5 டிகிரி சாயும். முளையிலிருந்து 18 மி.மீ. தூரத்தில் துளை போட்டால், அது பக்கவாட்டில் 3.6 மி.மீ. நகரும். ஆகவே கட்டையில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 3.6 மி.மீ. தள்ளித் துளைகள். எல்லாத் துளைகளும் 3 மி.மீ. என்றால், சிலிண்டர் நேராக நிற்கும்போது இருபுறமும் 0.6 மி.மீ. மூடியிருக்கும். நீராவி நிறைய வரட்டும் என்று 4 மி.மீ. துளை போட்டீர்களோ, நேராக நிற்கும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து திறந்து, வந்த நீராவி வேலை செய்யாமலே வெளியே போய்விடும்.

பாகங்கள் குறைவுதான், ஆனால் அவை கேட்கும் துல்லியம் குறைவில்லை. முளைத் துளை முகத்துக்குச் சரியான செங்குத்தில் இருக்க வேண்டும். என் முதல் இன்ஜின் இரண்டு வாரம் ஓடவே இல்லை. பிஸ்டனைக் குறை சொன்னேன், ஸ்பிரிங்கை மாற்றினேன். கடைசியில் இருட்டில் பின்னால் ஒரு விளக்கை வைத்துப் பார்த்தபோது, இரண்டு முகங்களுக்கு நடுவே ஒரு ஓரத்தில் மட்டும் வெளிச்சக் கீற்று. கை டிரில்லில் போட்ட துளை சாய்ந்திருந்தது. ஃபோர் ஜா சக்கில் (லேத்தின் நான்கு தாடைப் பிடியில்) கட்டையைப் பிடித்து, முகத்தையும் துளையையும் ஒரே செட்டிங்கில் கடைந்தேன். முளையைச் சுற்றி 0.3 மி.மீ. பள்ளம் எடுத்து, கண்ணாடி மேல் நைஸ் எமரி தாளைப் பரப்பி எட்டு வடிவில் தேய்த்தேன். அன்று சாயங்காலமே ஓடியது, சைக்கிள் பம்பின் காற்றிலேயே.

ஸ்லைடு வால்வு வேறு உலகம். சிலிண்டர் அசையாது. அதன் பக்கத்தில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் கவிழ்த்த கிண்ணம் போன்ற வால்வு. ஷாஃப்டில் மையம் தள்ளிப் பொருத்திய வட்டான எக்ஸென்ட்ரிக் அதை முன்னும் பின்னும் தள்ளும். பிஸ்டனின் இரண்டு பக்கமும் மாறி மாறி நீராவி அழுத்தும். இரண்டு மூடிகள், ராடு வெளிவரும் இடத்தில் கசிவை அடைக்கும் இரண்டு கிளாண்டுகள், பிஸ்டன் ராடை நேர்கோட்டில் நடத்தும் கிராஸ்ஹெட், கனெக்டிங் ராடு, எக்ஸென்ட்ரிக், அதன் பட்டை, ராடு என்று பாகங்கள் இரட்டிப்புக்கும் மேல். ஆடும் சிலிண்டரை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிக்கலாம். ஸ்லைடு வால்வு எனக்கு ஐந்து மாதம் எடுத்தது.

அப்படியும் ஏன் அதைச் செய்ய வேண்டும்? என் மனதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஆடும் சிலிண்டரில் நீராவி, இரண்டு முகங்களையும் பிரிக்கப் பார்க்கிறது. அழுத்தம் கூடக் கூட ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும், இறுக்கினால் உராய்வு கூடும், தளர்த்தினால் கசியும். 1 முதல் 2 பாருக்குள் (1 பார் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) அது சந்தோஷமாக ஓடும், மேலே போனால் முணுமுணுக்கும். ஸ்லைடு வால்வில் நீராவி வால்வின் முதுகில் உட்கார்ந்து அதை முகத்தோடு அழுத்துகிறது. அழுத்தம் ஏற ஏற அடைப்பு இறுகும். ஒன்றில் நீராவியோடு சண்டை, மற்றதில் நீராவியே கூட்டாளி. இதைக் கையால் செய்து பார்த்தபோதுதான் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது.

நீராவியை விரியவிடுவதும் ஸ்லைடு வால்வில் முடியும். ஆடும் சிலிண்டரில் நீராவி கிட்டத்தட்ட ஸ்ட்ரோக் முழுவதும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஸ்லைடு வால்வில் போர்ட் (நீராவித் துளை) 1.5 மி.மீ., லேப் (வால்வு நடுவில் நிற்கும்போது போர்ட்டைத் தாண்டி மூடும் அளவு) 1 மி.மீ. என்று வைத்து, எக்ஸென்ட்ரிக்கை 2.5 மி.மீ. தள்ளிக் கடைந்தால், ஸ்ட்ரோக்கில் சுமார் 84 சதவீதத்தில் நீராவி நின்றுவிடும். மீதியை உள்ளே இருப்பதே விரிந்து தள்ளும். இந்தச் சின்ன அளவில் சிலிண்டர் சுவரே நீராவியைக் குளிர வைத்துவிடுவதால் பெரிய சிக்கனம் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய அளவில் அதன் அருமையைப் பார்க்க நீலகிரி மலை ரயில் இருக்கிறது. பல்சக்கரப் பாதையில் ஏறும்போது அந்த நீராவி லோகோக்கள், ஒரு ஜோடி சிலிண்டரில் வேலை செய்த நீராவியையே அடுத்த ஜோடிக்கு அனுப்பி மறுபடி வேலை வாங்குகின்றன.

ஓட்டும் திசையை மாற்றுவதில் ஆடும் சிலிண்டருக்குத்தான் என் ஓட்டு. உள்வழியையும் வெளிவழியையும் மாற்றிக் கொடுத்தால் போதும், எதிர்ப்பக்கம் ஓடும். ஸ்லைடு வால்வில் அதற்குத் தனி கியரே கட்ட வேண்டும்.

சரி, காஸ்டிங் செட் (வார்த்த பாகங்களின் தொகுப்பு) வாங்குவதா, ராடும் பிளேட்டும் வாங்கிக் கடைவதா? ஸ்லைடு வால்வில் ஸ்டூவர்ட் நிறுவனத்தின் 10வி மாதிரிதான் பல தலைமுறையாக ஆட்கள் தொடங்கும் இன்ஜின். முக்கால் அங்குல உள்விட்டம், முக்கால் அங்குல ஸ்ட்ரோக், பார்க்க அழகு. ஆனால் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும், ஒரு காஸ்டிங்கைக் கெடுத்தால் மனது உடைந்துவிடும். இரும்புக் காஸ்டிங்கின் மேல்தோல் கடினம், முதல் வெட்டு தோலுக்கு அடியில் ஆழமாகப் போகாவிட்டால் டூல் முனை மழுங்கும். திருகுகளும் பழைய பிரிட்டிஷ் முறையான பிஏ அளவில் இருக்கும். 7பிஏ இடத்தில் எம் 2.5, 5பிஏ இடத்தில் எம் 3 போட்டு நான் சமாளித்தேன். முதல் இன்ஜினுக்கு நான் பித்தளையைத்தான் சொல்வேன். நிறுத்து வாங்கலாம், கெட்டால் இன்னொரு துண்டு அறுக்கலாம். ஃப்ளைவீல் மட்டும் வார்ப்பிரும்பில் இருக்கட்டும், அந்தக் கனம் வேண்டும்.

பாய்லரில் மட்டும் அவசரம் வேண்டாம். எந்த இன்ஜினையும் முதலில் அழுத்தக் காற்றில் ஓட்டுங்கள். 3 பாரில் நீராவி சுமார் 144 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஈயப் பற்றவைப்பை நம்பவே நம்பாதீர்கள், செம்பும் வெள்ளிப் பற்றவைப்பும்தான். நீரும் நீராவியும் படும் புஷ்களுக்கு (பாய்லரில் குழாய், வால்வு பொருத்தும் திருகு வளையங்களுக்கு) பித்தளை கூடாது; அதிலுள்ள துத்தநாகம் நாளடைவில் கரைந்து உலோகம் பொறபொறத்துவிடும். வெண்கலம் போடுங்கள். வேலை அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்கு, நீர் நிரப்பித்தான் சோதிக்க வேண்டும், காற்றால் ஒருபோதும் கூடாது. சேஃப்டி வால்வு இல்லாமல் அடுப்பு ஏற்றவே வேண்டாம்.

ஆக, லேத் புதிது, கை இன்னும் பழகவில்லை என்றால் ஆடும் சிலிண்டர். தட்டை, செங்குத்து, ரீமர் போட்டுத் துல்லியமாக்கிய துளை எல்லாம் அதிலேயே கைக்கு வந்துவிடும். அது ஓடிய பிறகு அதே மேஜையில் ஸ்லைடு வால்வைத் தொடங்குங்கள். அதை செட் செய்யும்போது பெட்டி மூடியைக் கழற்றி வையுங்கள். பிஸ்டனை ஒரு கோடிக்குக் கொண்டுபோய், போர்ட் ஓரத்தில் மயிரிழை திறக்கிறதா பாருங்கள், மறு கோடியிலும் அதே இழை தெரிய வேண்டும். இரண்டும் ஒத்துவரும்வரை வால்வு நட்டைக் கால் சுற்று, அரைச் சுற்று நகர்த்திப் பொறுமையாகப் பாருங்கள். அப்புறம் மூடியைப் போட்டுக் காற்றைத் திறந்தால், இரண்டு பக்கமும் ஒரே அளவில் மூச்சு விடும் சத்தம் கேட்கும்.